வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்: குழந்தை குழம்புமா?

வீட்டிலும் ஆங்கிலமே பேசச் சொல்கிறார் யூகேஜி மிஸ், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் மிஸ் சொல்வதைக் கேட்கமாட்டேன், தமிழிலேயே பேசுவேன்.

"லேஸை டை பண்ணி விடும்மா" என்பாள் என் மகள். இது குழப்பமில்லை. ஆங்கிலச் சொல்லோடு 'பண்ணி'யைச் சேர்த்து, லேஸுக்கு 'ஐ' உருபும் போட்டுவிட்டாள். தமிழ் இலக்கணம் உள்ளே இறங்காமல் இது வராது. சென்னையில் பெரியவர்கள் மட்டும் வேறு மாதிரியா பேசுகிறோம்?

ஒரு மொழியில் ஊன்றிய சிந்தனைத் திறன் மற்றதற்கும் கைகொடுக்கும் என்கிறார் கனடா ஆய்வாளர் ஜிம் கமின்ஸ். கதையில் அடுத்து என்ன வரும் என ஊகிப்பதை இருமுறை கற்க வேண்டாம்.

எழுத்துதான் தானாக வராது. தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தால் பள்ளியில் தமிழ்ப் பாடம் உண்டு, சரி. அப்புறம் 29சி பஸ் போர்டில் 'பெசன்ட் நகர்' என்று எழுத்துக்கூட்டவும் விடுங்கள்.