கேள்வி – பதில்

கேள்வி: பாபநாசத்தில், மலையடிவாரத்தில் கொண்டுபோய் எதற்காகப் பஞ்சாலை கட்டினார்கள்? நகரத்தில் இடமா இல்லை?
– வாசகி, தென்காசி

பதில்: தண்ணீருக்காகத்தான் அம்மா. மின்சாரம் வராத 1880களில், மலையிலிருந்து விழும் தாமிரபரணியின் வேகத்தை வைத்தே நூல் நூற்கும் கதிர்களைச் சுழற்றலாம் என்று கணக்குப் போட்டார்கள், ஆலையைக் கட்டிய பிரிட்டிஷ் வணிகர்களான ஹார்வி சகோதரர்கள். தூத்துக்குடியிலும் மதுரையிலும் அவர்கள் ஆலை எழுப்பியது அதற்குப் பிறகுதான்.

என் அப்பா பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், அந்த ஆலையின் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அறுந்த நூலைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே திருகு, ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் திண்ணையில் உட்கார்ந்து விரல்களை அப்படியே திருகிக்கொண்டிருப்பார். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது புருவமெல்லாம் பஞ்சு வெள்ளை. நேரே ஆற்றுக்குப் போய் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். எங்கள் தெருவுக்குக் கடிகாரமே ஆலைச் சங்குதான்.

ஹார்விகளைப் புகழ்பவர்கள் 1908ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய தூத்துக்குடி கோரல் மில்லில் அந்தப் பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அப்படிப் போராடி வாங்கியவை. அப்பா அனுபவித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையிலும் அன்று போராடியவர்களுக்குப் பங்கு உண்டு.