24 வயதில் முடி நடுவது பற்றி

24 வயது, நெற்றி ஏறுகிறது, மூன்று மாதத்தில் கல்யாணம். முடி நட எஃப்யூஇயா (வேரை ஒவ்வொன்றாக எடுத்து நடுவது) எஃப்யூடியா (தோலைப் பட்டையாக வெட்டி, அதிலிருந்து வேரை எடுத்து நடுவது) என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்காக என்றால் வேண்டாம். நட்ட முடி முதல் ஓரிரு மாதத்தில் உதிர்ந்து, மூன்று நாலு மாதம் கழித்துத்தான் மெல்ல முளைக்கும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய 12 மாதம்.

எனக்கு உறுத்துவது வயதுதான். நட்டது நிற்கும், அதற்கு அடுத்து நடுமண்டையில் உள்ள சொந்த முடி தொடர்ந்து கொட்டலாம். முன்னால் தோப்பு, நடுவில் பொட்டல்! பின்மண்டையில் எடுத்த வேர் அங்கே திரும்ப முளைக்காது, அதனால் இருப்பு அளவானது. முதலில் தோல் மருத்துவரிடம் முடி கொட்டுவதற்கான மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு மருந்துகள் பற்றிப் பேசி ஒரு வருடம் பாருங்கள்.

அப்புறமும் செய்வதென்றால், ஒட்ட முடி வெட்டுபவருக்கு எஃப்யூஇ சரி, புள்ளித் தழும்புதான். எஃப்யூடியில் தோலைப் பட்டையாக வெட்டித் தைப்பதால் கோடு தெரியும்.