நிழல் தொலையும் நாளும் துண்டு விரிக்கும் நாளும்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விடுமுறையில் வீடு நிறையப் போகும் பிள்ளைகளைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு என் நாத்தனாரின் பிள்ளைகளும், பெங்களூருவில் இருக்கும் என் அண்ணனின் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், என் பிள்ளைகளையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது பேர். கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, வாரம் ஒரு விசித்திர தினம் கொண்டாட வேண்டும் என்று இப்போதே பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். என் மாமியாரோ, "இருக்கிற நோன்புக்கே வீட்டில் ஆள் இல்லை, இதில் இது வேறா" என்கிறார். எதிலிருந்து தொடங்கினால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும்?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: பட்டியலைச் சற்று நேரம் மறந்துவிட்டு வானத்திலிருந்து தொடங்குங்கள், சகோதரி. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் மட்டும், ஆண்டுக்கு இரண்டு நாள், நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த வேளையில் செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளின் நிழலும் பக்கவாட்டில் விழாது. இதைத்தான் நிழலில்லா நாள் என்கிறோம். தில்லியில் இருக்கும் உறவினர் எவ்வளவு பெரிய மாடி வீடு கட்டியிருந்தாலும் அவருக்கு இந்த நாள் கிடையாது என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி உற்சாகம் அதிலேயே வந்துவிடும்.

சூரியன் வடக்கு நோக்கி நகர்ந்து வரும்போது தருமபுரியை ஏப்ரல் 22-ஐ ஒட்டியும், கிருஷ்ணகிரியை 23-ஐ ஒட்டியும், ஓசூரை 24-ஐ ஒட்டியும் கடக்கிறது. அதாவது, தருமபுரியில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் தூரத்தை நடக்கச் சூரியனுக்கு ஒரு முழு நாள் ஆகிறது. ஆகஸ்டில் தெற்கே திரும்பும்போது இந்த வரிசை தலைகீழாகிவிடும்: கிருஷ்ணகிரிக்கு 20-ஐ ஒட்டியும், தருமபுரிக்கு 21-ஐ ஒட்டியும் வரும். தருமபுரியில் சம்பந்தி வீடோ தோழி வீடோ இருந்தால், அவர்கள் முதல் நாள் கொண்டாடிவிட்டுப் படம் அனுப்ப, மறுநாள் நீங்கள் கொண்டாடிப் பதில் படம் அனுப்பலாம். ஒரு நாள் முன்பின் ஆனாலும் பெரிய நட்டமில்லை. ஒரு மீட்டர் உயரக் கம்பியின் நிழல் அப்போதும் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

நேரத்தில்தான் கவனம் வேண்டும். நம் கடிகாரங்கள் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. நாமோ அதற்கு மேற்கே 78 பாகையை ஒட்டி இருக்கிறோம். ஆகவே கடிகாரம் 12 அடித்து ஏறத்தாழ 16 நிமிடம் கழித்துத்தான் நமக்கு உண்மையான உச்சிப்பொழுது. முதல் முறை இதை நான் முயன்றபோது, சரியாக 12 மணிக்கு எல்லாரையும் வெயிலில் நிறுத்திவிட்டு, நிழல் போகவில்லையே என்று சூரியனைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். பத்து வயதுப் பேத்தி மட்டும் வெளியிலேயே நின்றிருந்து அதைப் பார்த்தாள். இன்றுவரை அதை அவள் எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

மாடியிலோ முற்றத்திலோ சமதளமான இடம் பார்த்து, பக்கத்தில் கொத்தனார் யாராவது இருந்தால் அவருடைய ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி, கம்பி ஒன்றைச் செங்குத்தாக நட்டுவையுங்கள். 11.45 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் கோலப்பொடியால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேற்கே விழுந்திருக்கும் நிழல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறைந்துகொண்டே வந்து, கம்பியின் காலடியில் மறைந்து, பிறகு கிழக்கே எட்டிப்பார்க்கும். கடைசியில் புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது கிட்டத்தட்டச் சரியான கிழக்கு மேற்குக் கோடு. வாஸ்து பார்க்க வந்தவர் சொன்ன திசையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் துணிவைப் பொறுத்தது.

மாமியாருக்கு இதில் முக்கியமான வேலை உண்டு. கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தும் வழக்கம் நம் பக்கத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அடிப்பகுதி சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும் என்ற உண்மையை அன்று மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல், அவர் கையாலேயே முற்றத்தில் உலக்கையை நிறுத்தச் சொல்லுங்கள். நிழலே இல்லாமல் நிற்கும் உலக்கையைக் கண்ட பிறகு, ஆகஸ்டில் அடுத்தது எப்போது என்று அவரே கேட்பார். செம்பு, டம்ளர், குழாய்த் துண்டு என்று ஆளுக்கொரு பொருளைப் பிள்ளைகள் கொண்டுவரட்டும். வெயில் கொடுமையான நேரம் என்பதால் காலில் செருப்பும் தலையில் துணியும் கட்டாயம். புள்ளி வைப்பவர் மட்டும் முறைவைத்து வெளியே போக, மற்றவர்கள் தாழ்வாரத்தில் நீர்மோரோடு இருப்பதே சரி.

கேள்வி: ஜூலை 22 தேசிய மாம்பழ தினம் என்று படித்தேன். மாந்தோப்புக்கு நடுவில் வசிக்கும் நாங்கள் அதை எப்படிக் கொண்டாடலாம்?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அந்தத் தேதியில் கொண்டாடாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஜூலைக் கடைசியில் நம் பக்கத்தில் பருவமே முடிந்துகொண்டிருக்கும், பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விட்டிருப்பார்கள். செந்தூராவும் பங்கனப்பள்ளியும் பெங்களூராவும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் மே மாதக் கடைசி ஞாயிறுதான் உங்கள் தோப்பின் மாம்பழ தினம். அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வேறு யாரோ குறித்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

விளையாட்டு எளியது. கண்ணைக் கட்டிவிட்டு, ஐந்து வகைப் பழங்களின் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் கொடுத்துப் பெயர் சொல்லச் சொல்ல வேண்டும். மல்கோவாவை வாசனையிலேயே பிடித்துவிடுவார்கள், நீலத்தில் தடுமாறுவார்கள், பெங்களூராவைக் கிளிமூக்கு என்றோ தோத்தாபுரி என்றோ சொன்னாலும் மதிப்பெண் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மூன்றும் ஒன்றே. ஆண்டு முழுவதும் பழம் பறிப்பதையும் கூடையில் அடுக்குவதையும் பற்றிப் பேசும் தோப்புக்காரர்களே இந்தப் போட்டியில் தோற்பதை நான் கண்டிருக்கிறேன். மரத்தையும் காம்பையும் பார்த்துப் பழகிய கண் கட்டப்பட்டதும் நாக்குக்குத் தைரியம் போய்விடுகிறது. கூழ் ஆலைக்கு லாரியில் போகும் பெங்களூராவை நம் வீடுகளில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அதைக் காயாகவே கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கடைசியில் கொடுத்துப் பாருங்கள். பரிசு அதற்குத்தான் போகும்.

கேள்வி: ஸ்பெயின் நாட்டில் தக்காளியை வீசிக் கொண்டாடுகிறார்களாமே, எங்கள் ஊரில் தக்காளிக்குக் குறைவில்லை. நண்பர்களோடு நாங்களும் செய்து பார்க்கலாமா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: வேண்டாம், தம்பி. வலென்சியாவை அடுத்த புன்யோல் என்னும் சிற்றூரில் ஆகஸ்ட் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை அந்த விழா நடக்கிறது. 1940-களின் நடுவில் இளைஞர்களுக்குள் நடந்த ஒரு தெருச் சண்டையிலிருந்து பிறந்தது என்பார்கள். வீசுவதற்கு முன் பழத்தை நசுக்க வேண்டும் என்பது அங்கே விதி. சுமார் ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் பீய்ச்சித் தெருவைக் கழுவிவிடுகிறார்கள். படத்தில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் விலை சரிந்த நாட்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயியைத் தினமும் பார்க்கும் ஊரில், அதையே விளையாட்டாக வீசுவது அவர் கண்ணில் எப்படிப் படும் என்று யோசியுங்கள். அப்படி விலை விழுந்த வாரத்தில் நண்பர்கள் கூடி நான்கு கூடையைக் காசு கொடுத்து வாங்கி, எந்த வீட்டுத் தொக்கு சிறந்தது என்று பந்தயம் வையுங்கள். முகத்தில் அடி வாங்கும் ஆசை தீராவிட்டால் ஈரத் துணிப்பந்து போதும்.

கேள்வி: ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரான என் அப்பா, பேரப்பிள்ளைகள் என்ன விளையாட்டுக்குக் கூப்பிட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார். அவரையும் சேர்த்துக்கொள்ளும்படியான வேடிக்கை தினம் ஏதாவது உண்டா?
— வாசகர், அரூர்

பதில்: அந்தத் துண்டுக்கே ஒரு தினம் இருக்கிறது. மறைந்த ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் ஒருவரின் வாசகர்கள் 2001-ஆம் ஆண்டிலிருந்து மே 25-ஐத் துண்டு தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று முழுவதும் ஒரு துண்டைக் கூடவே வைத்துக்கொண்டு திரிவதுதான் சடங்கு. விண்வெளியில் ஊர் சுற்றுபவனுக்குத் துண்டைப் போல உதவும் பொருள் வேறில்லை என்று அவர் வேடிக்கையாக எழுதியதை ஒட்டி வந்த வழக்கம் இது. இந்தச் செய்தியைக் கேட்டால் நம் ஊர்ப் பெரியவர் எவரும் சிரிக்கமாட்டார். இதைச் சொல்ல ஓர் எழுத்தாளர் வேண்டுமா என்றுதான் கேட்பார். தலைப்பாகை, சும்மாடு, விரிப்பு, விசிறி, புளியங்காய் பொறுக்கக் கூடை, மழைக்குக் குடை என்று எல்லாமாகவும் இருந்து, கூட்டமான பேருந்தின் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்து இருக்கையையும் பிடித்துத் தரும் துணி வேறு எந்த நாட்டில் இருக்கிறது?

உங்கள் தந்தையார் இதில் நடுவராக இருக்கத் தகுந்தவர் மட்டுமல்லர், வாழ்நாள் முழுவதும் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறார். முற்றத்தில் இரண்டு வரிசையாக நாற்காலிகளைப் போட்டுப் பேருந்தாக்கி, பிள்ளைகளைத் துண்டு வீசி இடம் பிடிக்கச் செய்து, துண்டு முந்தியதா ஆள் முந்தியதா என்ற வழக்கை அவரிடம் விட்டுவிடுங்கள். அவர் ஒரு தீர்ப்பு சொல்வார். அதையொட்டி உண்மையாகவே நடந்த பழைய சண்டை ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். அதன் பிறகு அவரைத் திண்ணைக்கு அனுப்புவது உங்கள் பாடு. மாலையில், மாட்டுச் சந்தைத் தரகர்கள் செய்வதைப் போல, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் ஆட்டத்தையும் வைக்கலாம். இருவர் கைகள் துண்டுக்குள் இருக்க, விற்கப்படுவது வீட்டின் பழைய மிதிவண்டியாக இருக்க, சுற்றி இருப்பவர்கள் முகத்தை மட்டும் பார்த்து விலையைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளால் முகத்தை மறைக்கவே முடியாது என்பதுதான் இதன் சுவை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி பேசுபவர்கள் எல்லாரும் இருக்கிறோம். அனைவரும் சேர்ந்து கொண்டாட ஏதேனும்?
— வாசகி, ஓசூர்

பதில்: மே மாத முதல் ஞாயிறு உலகச் சிரிப்பு தினம். மும்பை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் ஒரு பூங்காவில் ஐந்து பேரோடு தொடங்கிய சிரிப்பு மன்றத்திலிருந்து வளர்ந்தது அது. ஒவ்வொருவரும் தம் தாய்மொழி அல்லாத வேறொரு மொழியில் ஒரு துணுக்கைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் விதி வையுங்கள். துணுக்குக்குச் சிரிப்பவர்களைவிட உச்சரிப்புக்குச் சிரிப்பவர்கள் அதிகமாக இருப்பார்கள்.

கேள்வி: நண்பர்கள் தினத்துக்குக் கையில் பட்டை கட்டிக் கட்டிச் சலித்துவிட்டது. வேறு வழி உண்டா?
— கல்லூரி மாணவி, தருமபுரி

பதில்: அதியமான் ஆண்ட தகடூரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 30-ஐ நட்பு தினமாக அறிவித்தது 2011-இல்தான். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை உங்கள் ஊருக்குச் சொந்தமாகி இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன. உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒரு புட்டி போதும். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில் வரும் மனத்தாங்கலுக்கு இப்பகுதி பொறுப்பேற்காது.

கேள்வி: பேரன் ஜூலை 17 அன்று உலக எமோஜி தினம் கொண்டாட வேண்டும் என்கிறான். வேடிக்கைக்கென்று நமக்கு ஒரு நாளும் இல்லையா? எல்லாவற்றையும் வெளியிலிருந்தா கொண்டுவர வேண்டும்?
— 68 வயது வாசகர், பென்னாகரம்

பதில்: ஐயா, தங்கள் பேரன் சொல்லும் தேதியைத் தமிழ் நாட்காட்டியில் ஒரு முறை பாருங்கள். கைப்பேசியில் இருக்கும் நாட்காட்டிப் படத்தில் ஜூலை 17 என்று அச்சாகியிருப்பதால் 2014 முதல் அந்த நாளை எமோஜி தினமாக்கிக்கொண்டார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் அதுவே ஆடி முதல் நாள். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களில் அன்று தெருவுக்குத் தெரு தேங்காய் சுடுவோமே, அதைவிட விசித்திரமான பண்டிகையை எந்தப் பட்டியலில் தேடுவது? பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது என்ற கதையை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் எந்தப் பிள்ளையும் காரணம் கேட்டுத் தேங்காய் சுட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று பள்ளி இருக்கும் என்பதால் மாலை நேரமே தோது. நாரை முழுவதும் உரித்த தேங்காயைச் சொரசொரப்பான தரையில் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் முதல் வேலை. இதில் சோம்பினால் ஓடு ஒரே சீராகச் சுடாது. மூன்று கண்களில் மென்மையான கண்ணைத் துளைத்து நீரை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டு, பொட்டுக்கடலை, அவல், எள், பச்சைப்பயறு, தூளாக்கிய வெல்லம் ஆகியவற்றை உள்ளே இட்டு, வடித்த நீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் உள்ளே கஞ்சியாகிவிடும். கூராகச் சீவிய நீளமான அழிஞ்சில் குச்சியை அந்தக் கண்ணிலேயே இறுகச் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் எல்லாரும் வட்டமாக நின்று திருப்பித் திருப்பி வாட்டினால், ஓடு கருகி வெடிப்பு விடும்போது வெல்லம் காயும் மணம் வரும். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு உடைத்துத் தின்ன வேண்டியதுதான்.

குச்சியைச் சீவுவதைத் தாங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் வேலையைப் பேரனுக்குக் கொடுங்கள். உடைத்த தேங்காயைப் படமெடுத்துத் தன் நண்பர்களுக்கு அனுப்பும்போது எந்த எமோஜியைச் சேர்ப்பது என்று அவனே திகைக்கட்டும்; சுட்ட தேங்காய்க்கு இன்னும் எமோஜி வரவில்லை.