உயிரைப் படைத்தவர் உண்டா? – மோர்மன் இறையியல் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: மோர்மன் சபையினரும் உயிர் படைக்கப்படவில்லை என்கிறார்களாமே? அப்படியென்றால் அது எங்கள் முப்பொருள் (பதி, பசு, பாசம்: இறைவன், உயிர், தளை) உண்மைதானே?
– வாசகி, சுன்னாகம்

பதில்: தொடக்கம் ஒத்துப்போகிறது. 1833 மே 6இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கேர்ட்லண்டில், மோர்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அறிவித்த வெளிப்பாடு, அவர்களது 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 93ஆம் பிரிவாக இருக்கிறது. உயிருக்கு அடிப்படையான அறிவுப்பொருள் படைக்கப்படவுமில்லை, படைக்கப்படவும் முடியாது என்கிறது அது. 'பதியினைப் போல்பசு பாசம் அனாதி' என்ற திருமந்திர அடி உங்களுக்கு நினைவு வந்ததில் வியப்பில்லை. உலகத் தோற்றத்திலும் அப்படியே. கடவுள் இன்மையிலிருந்து உலகைப் படைத்தார் என்ற பெரும்பான்மைக் கிறிஸ்தவக் கொள்கையை அவர்கள் ஏற்பதில்லை. ஏற்கெனவே இருந்த பொருளை ஒழுங்குபடுத்தினார் என்பார்கள். மாயை முதற்காரணம் (மூலப்பொருள்), இறைவன் நிமித்த காரணம் (ஆக்குபவர்) என்று படித்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை.

வழி பிரிவது பாசத்தில். உயிரை அனாதியாகவே மறைத்து நிற்கும் ஆணவ மலத்துக்கு ஈடாக எதுவும் அங்கே கிடையாது. வினைப்பயனால் வரும் மறுபிறப்பும் கிடையாது. சைவ சித்தாந்தத்தில் உடம்பு மலம் நீங்குவதற்குத் தரப்படும் கருவி, பக்குவம் வந்தபின் பிறப்பே இல்லை. மோர்மன் கொள்கையில் உயிர் பூமிக்கு வருவதே உடம்பைப் பெறத்தான். உயிர்த்தெழுந்த உடம்பு என்றைக்கும் உரிய பேறு. பிதாவுக்கும் தசையும் எலும்பும் உண்டு என்கிறது அதே நூலின் 130ஆம் பிரிவு. ஆவியும் ஒரு நுண்ணிய சடப்பொருளே என்கிறது 131. உயிரைச் சித்து (அறிவுள்ளது) என்றும் மாயையைச் சடம் (அறிவற்றது) என்றும் பிரித்து வைத்த சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மரபு இதற்கு ஒருக்காலும் உடன்படாது. 'எல்லாம் ஒன்றே' என்று மேடையில் முழங்குவோர் இந்த இடத்துக்கு வருமுன்பே பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த அனாதி அறிவுப்பொருள் தொடக்கத்திலேயே தனித்தனி ஆட்களா, அல்லது பிறகு ஆட்களாக உருப்பெற்ற பொதுப்பொருளா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சபைத் தலைவர்களுள் ஒருவரான பி. எச். ரொபேட்ஸ் (1857–1933) தனித்தனி என்ற பக்கம் நின்றார். உயிர்கள் பல என்று சித்தாந்தம் முதலிலேயே முடிவு கட்டிவிட்டது.

கேள்வி: உயர்தர வகுப்பில் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிறேன். மோர்மன்கள் திரித்துவத்தை நம்புகிறார்களா?
– மாணவர், வட்டுக்கோட்டை

பதில்: நைசியா சங்கம் (325) வகுத்த பொருளில் இல்லை. அங்கே பிதாவும் சுதனும் ஒரே பொருள். இவர்களுக்குப் பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று. பின்பாதியை விட்டுவிட்டு 'மூன்று கடவுளர்' என்று மட்டும் எழுதினால் விடை பிழைத்துவிடும். அவர்களது திருமுழுக்குச் செல்லாது என்று கத்தோலிக்க விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2001இல் தீர்ப்பளித்ததற்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

கேள்வி: 'மனிதன் தெய்வமாதல்' பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். கிங் ஃபொலெற் பேருரையை எப்படி மேற்கோள் காட்டலாம்?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: அச்சில் உள்ள ஒரே ஒரு பாடத்தை நம்பி மேற்கோள் காட்டாதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். 1844 ஏப்ரல் 7இல், இலினோய் மாநிலத்து நாவூவில், கிணற்று வேலையில் விபத்துக்குள்ளாகி இறந்த கிங் ஃபொலெற்றை முன்னிட்டு ஸ்மித் பேசியது இது. அதே ஆண்டு ஜூன் 27இல் ஸ்மித்தே கொல்லப்பட்டார். பேச்சைச் சொல்லுக்குச் சொல் யாரும் பதியவில்லை. வில்லார்ட் றிச்சர்ட்ஸ், வில்ஃபோர்ட் வூட்றவ், தோமஸ் புலொக், வில்லியம் கிளேற்றன் ஆகிய நால்வரின் குறிப்புகளே முதன்மைச் சான்று. இன்று பரவலாகப் புழங்கும் பாடங்கள் இவற்றைப் பிற்காலத்தில் இணைத்துத் தைத்தவை.

ஜோசப் ஸ்மித் ஆவணத் திட்டத்தின் இணையத்தளத்தில் நான்கு குறிப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தாளை நான்கு நிரலாகப் பிரியுங்கள். உங்களுக்குத் தேவையான வசனத்தை ஒவ்வொன்றிலும் தேடி நேருக்கு நேர் எழுதுங்கள். நாலிலும் இருந்தால் துணிந்து வாதிடலாம். ஒன்றில் மட்டும் இருந்தால், யாருடைய குறிப்பு என்பதைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லுங்கள்; அடிக்குறிப்பில் ஒளிக்க வேண்டாம். இந்த உரை அவர்களது திருமறைத் தொகுதியில் சேர்க்கப்படவில்லை என்பதையும் எழுதிவிடுங்கள். சபையின் நிலைப்பாட்டுக்கு, இதே பொருளில் சபை 2014இல் வெளியிட்ட கட்டுரை இருக்கிறது.

ஒப்பீட்டுக்குச் சித்தாந்த முத்தியை மட்டும் எடுத்தால் கட்டுரை மெலிந்துபோகும். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் மறுக்கும் கட்சிகளுள் (கொள்கைகளுள்) சிவசமவாதம் ஒன்று: முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகும் என்பது. மனிதன் தெய்வமாகலாம் என்னும் மோர்மன் கொள்கைக்கு நெருங்கிய தமிழ்க் கட்சி அதுவே. சித்தாந்தத்தில் முத்தி பெற்ற உயிர் சிவானந்தத்தை நுகரும். படைத்தல் முதலான ஐந்தொழில் அதன் கையில் வராது. உமாபதியின் மறுப்பு மோர்மன் கொள்கைக்கும் பொருந்துமா என்று பாருங்கள். எங்கள் கருத்தில் அது பாதிதான் பொருந்தும். அங்கே உயர்நிலை பெற்றவரும் பிதாவுக்குக் கீழ்ப்பட்டே இருப்பார் என்று சபையினர் பதில் சொல்வார்கள். இரு தரப்பு நூல்களையும் மேசையில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். ஆறுமுக நாவலரும் இரு தரப்பையும் அறிந்தவர்தான்: பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவரே 1854இல் கிறிஸ்தவக் கண்டனங்களுக்கு மறுப்பாகச் சைவதூஷண பரிகாரம் எழுதினார்.

கேள்வி: கடவுள் உயிரைப் படைக்கவில்லை என்றால், தீமைக்கு அவர் பொறுப்பில்லை என்றாகிவிடுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: பெருமளவு ஆகிவிடும். டேவிட் போல்சன் போன்ற மோர்மன் மெய்யியலாளர் அந்த வழியில்தான் வாதிட்டார்கள்: உயிரின் சுதந்திரமும் பொருளின் இயல்பும் கடவுளோடு உடன் இருப்பவை, அவர் வைத்தவை அல்ல. ஆனால் விலை உண்டு. தமக்குப் புறம்பானவற்றால் வரம்புபட்ட கடவுள் இறுதியில் தீமையை வெல்வார் என்பதற்கு என்ன உறுதி? மெய்யியலாளர் ஸ்ரேர்லிங் மக்மறின் மோர்மன் இறையியல் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில் இந்த வரம்பை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். சபைக்குள் பலருக்கு அது உவப்பாக இல்லை. ஆணவமும் அனாதி என்பதால் இந்தக் கேள்வி சைவருக்கும் வரும். மலம் அழியாது, அதன் சக்தி மட்டுமே அடங்கும் என்பது சித்தாந்திகள் தரும் பதில்.