பாராமல் ஒப்பிக்கிறான், புது வரி வாசிக்கத் திணறுகிறான்

கேள்வி: மகனுக்கு 9 வயது. தமிழ் வழியில் நாலாம் வகுப்பு. பாடத்தைச் சொல்லிக் கொடுத்தால் மடமடவென்று ஒப்பிக்கிறான். புது வரியைக் காட்டினால் எழுத்துக் கூட்டத் திணறுகிறான். ழ, ள குழப்பம். இடது கையால் எழுதுகிறான். பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறான். நான் சுற்றிய பீடிக்கட்டுக் கணக்கை மட்டும் மனசிலேயே போட்டுவிடுவான். யூடியூபில் டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு பற்றிப் பார்த்துவிட்டு ஞாபகசக்தி டானிக் கொடுக்கிறேன். மூளை வளர்ச்சி குறைவா? சிசேரியனால் வந்ததா? அவன் அப்பாவும் வாசிக்க வராமல்தான் எட்டாம் வகுப்போடு நின்றார். தங்கச்சி இப்போது ஒண்ணாம் வகுப்பு. — வாசகி, முக்கூடல்

பதில்: கட்டுக் கணக்கை மனசில் போடுகிற பிள்ளைக்கா அம்மா மூளை வளர்ச்சி குறைவு? அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். சிசேரியனும் காரணமில்லை. டிஸ்லெக்சியா பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமானது. இந்தப் பிள்ளைகளுக்கு அறிவில் குறை இருக்காது. எழுத்தை ஒலியோடு சேர்க்கிற வேலைதான் சிரமம்.

ழ-ள குழப்பத்தை விடுங்கள். 'வாளப்பளம்' என்று பேசுகிற ஊரில் காதில் விழுந்தபடிதான் பிள்ளை எழுதும். இடது கையை மாற்றவே கூடாது. டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள். வாசிப்பை வரவழைக்கிற மருந்து எதுவும் கிடையாது. கலர் கண்ணாடிக்கும் காசு கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி பள்ளிக்கூடப் பயம்தான், அடிக்காமல் இருங்கள்.

ஒப்பிக்க வருகிறது, புது வரி வரவில்லை என்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான். காதை நம்பியே நாலாம் வகுப்பு வரை வந்துவிட்டான். பொருளில்லாத நாலு சொல் எழுதிக் கொடுங்கள்: கெசல், தொபுரி, நேலகு, மிடோ. இவற்றை ஊகிக்க முடியாது, கூட்டித்தான் வாசிக்க வேண்டும். நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். 'தொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். அங்கே மாட்டிக்கொண்டாலோ, 'கெசல்' என்பதைக் 'கேசரி' என்று வாசித்தாலோ தாமதிக்காதீர்கள். வயசு ஏறினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பாடத்தைக் காதால் மட்டும் சமாளிக்க முடியாது. நன்றாக வாசித்தவன் திடீரென்று மறந்துபோனான் என்றால் அது வேறு நோய், உடனே காட்ட வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். முதலில் கண் பரிசோதனை, காது கேட்கும் திறனுக்கு ஆடியோகிராம். பிறகு மனநல உளவியலாளர் அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) பார்ப்பார். அதன்பின் நிம்ஹான்ஸ் தேர்வு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை. 8 முதல் 12 வயதுக்குத் தனிப் பகுதி உண்டு. வாசிப்பு, சொல்வதெழுதுதல், கணக்கு எல்லாம் பார்ப்பார்கள். இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். போகும்போது கிளாஸ் டீச்சரின் கடிதம், இரண்டு நோட்டு, திருத்திய விடைத்தாள் கையில் இருக்கட்டும். பலருக்குத் தப்பாவது இங்கேதான்: வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்த பிள்ளையை உட்காரவைப்பது, காய்ச்சலோடு கூட்டிவருவது, தமிழ் வழிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மட்டும் தேர்வு வைப்பது. 'தமிழில்தான் பார்த்தீர்களா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள். 14-லும் 18-லும் மறுபடி பரிசோதனை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு எல்லாம் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழ் வாசிப்பைக் கொண்டுவராது, பயிற்சிதான் கொண்டுவரும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், பள்ளி வழியாகக் கேளுங்கள். வீட்டில் தினம் 15 நிமிடம் போதும். தட்டில் அரிசி பரப்பி, 'க்' சொல்லி, 'ஒ' சொல்லி, விரலால் 'கொ' எழுதட்டும். ஒரு வாரம் ஒரே உயிர்க்குறி. பத்துத் தடவை எழுது என்கிற தண்டனை வேண்டாம். தப்பாக எழுதியதையே பத்துத் தடவை எழுதி மனசில் பதித்துக்கொள்வான். வரலாறு, அறிவியலை நீங்கள் பீடி சுற்றுகையில் அக்கம்பக்கத்துப் பெரிய பிள்ளை யாராவது வாசித்துக் காட்டட்டும், கேட்டே படித்துக்கொள்வான்.

தங்கச்சிக்கும் அதே அரிசித் தட்டை வையுங்கள். ஒண்ணாம் வகுப்பு முடிகிறவரை எழுத்தின் ஒலி பிடிபடவில்லை என்றால், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது அவளையும் கூட்டிப்போங்கள்.