வேலைக்குச் சின்ன லேப்டாப் போதுமா, பெரியதாகவே வாங்க வேண்டுமா?

தாம்பரம் பக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் பாரிமுனைக்குப் போய் வருகிறேன், வேலை பெரும்பாலும் எக்ஸெல், 11 இன்ச் வாங்கவா 15 இன்ச் வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸெல் என்றால் நாள் முழுக்க எண் அடிக்கிற வேலை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் பெரியதையே வாங்குங்கள், அதிலும் கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களுக்கென்றே தனிப் பொத்தான்கள், அதாவது நம்பர் பேடு, இருப்பதை.

நானும் பெருங்களத்தூரிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை அதே ரயிலில் போகிறவள்தான். கோடவுன் தெருவிலும் அதைச் சுற்றியும் ஏழு துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2018 கடைசியில் 11.6 இன்ச் லேப்டாப் ஒன்று வாங்கினேன். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும், ஹேண்ட்பேகுக்குள்ளேயே போய்விடும். காலை நேர லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று பைக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புரியாது. எனவே எடை ஒரு விஷயமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ரயிலில் இருப்பது போக வர இரண்டு மணி நேரம், கணக்கு எழுதுவது எட்டு மணி நேரம். அந்தக் கடைகளில் எனக்கென்று மேஜை கிடையாது. துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல், மடியில் லேப்டாப், இடது பக்கம் பில் கட்டு. பெரிய கீபோர்டில் நம்பர் பேடின் 5 மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். நடுவிரல் அதைத் தொட்டுவிட்டால் போதும், கண் பில்லை விட்டு நகராமல் எல்லா எண்ணும் விழும். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் அடித்துப் பழகியிருந்தேன். சின்ன லேப்டாப்பில் அந்தப் பேடு கிடையாது, எண்களெல்லாம் மேல் வரிசையில் இருக்கும். பில்லைப் பார், குனிந்து கீபோர்டைப் பார், நிமிர்ந்து திரையைப் பார், மறுபடி பில்லில் எந்த வரி என்று தேடு. திரையிலும் இருபது சொச்சம் வரிதான் ஒரு நேரத்தில் தெரியும்.

மூன்றாவது மாதமே தப்பு நடந்தது. சூரத்திலிருந்து வந்த சரக்குக்கு ஐ.ஜி.எஸ்.டி., அதாவது வெளிமாநிலச் சரக்குக்கான ஜி.எஸ்.டி., 68,450 ரூபாய். கடை கட்ட வேண்டிய வரியில் இதைக் கழித்துக்கொள்ளலாம். நான் அடித்தது 86,450. இப்போது 2பி என்கிற கொள்முதல் வரிப் பட்டியலிலிருந்து தொகை தானாகவே நிரம்பி வருகிறது, 2019-இல் அந்த வசதி இல்லை. 3பி என்கிற மாத ரிட்டர்னை ஒரு தடவை தாக்கல் செய்துவிட்டால் திருத்தவும் முடியாது. கூடுதலாகக் கழித்துக்கொண்ட 18,000 ரூபாயை அடுத்த மாத ரிட்டர்னில் திருப்பிக் காட்டி, 18 சதவீத வட்டியில் ஒரு மாதத்துக்கு 270 ரூபாய் கட்டினோம். அதை என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அந்தக் கடை முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து நான் அடித்து முடித்ததும் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பது வருடமாக அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

இது உங்கள் கவனக்குறைவு, லேப்டாப் என்ன செய்யும் என்று சிலர் சொல்வார்கள். அடித்தது என் கைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கை அதற்கு முன்பு அந்தக் கடையில் அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. தனியாக யூ.எஸ்.பி. நம்பர் பேடு வாங்கலாமே என்பார்கள். ரிச்சி தெருவில் வாங்கினேன். மடியில் வைக்க இடமில்லை, துணிக்கட்டின் மேல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது. இருந்ததே இரண்டு யூ.எஸ்.பி. போர்ட். ஒன்றில் மவுஸ், ஒன்றில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேருக்கு பேக்கப் எடுக்கிற பென் டிரைவ். உள்ளே சேமிப்பு வெறும் 32 ஜிபி வேறு, விண்டோஸ் அப்டேட் வந்தாலே இடமில்லை என்று நின்றுவிடும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மாதா மாதம் ஓட்டம்தான். இப்போது 11-ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் ஒரு ரிட்டர்ன், நடுவில் ஒவ்வொரு பில்லும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஏழு கடைக்கும் இதேதான். முதலாளிகள் பில்களை 19-ஆம் தேதி ராத்திரி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாம் கம்ப்யூட்டர்தானே செய்கிறது என்பார்கள். சம்பளம் ஏற்றிக் கேட்டால் அதே பதில். நாங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்கள் கணக்கில் எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் அந்த வருடமே 15.6 இன்ச்சுக்கு மாறினேன். எடை 1.7 கிலோ. சார்ஜரையும் சேர்த்துச் சுமக்க முடியாமல் இன்னொரு சார்ஜர் வாங்கி, அதிக நேரம் இருக்கிற கடையிலேயே வைத்துவிட்டேன். உட்கார இடம் கிடைப்பதற்காக அரை மணி முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புகிறேன். தோள் வலிக்கிறது, உண்மைதான். எண் தப்பாகுமோ என்ற பயம் போய்விட்டது.

மீட்டிங், ஈமெயில், எழுத்து வேலை மட்டும் என்றால் 13 இன்ச்சே தாராளம், அதில் நல்லவை நிறைய வந்துவிட்டன. மேக்புக் ஏர் 13 இன்ச் 1.24 கிலோதான். ஆனால் டேலி விண்டோஸுக்கென்று செய்தது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரியது வாங்கினாலும் திரை 1920-க்கு 1080 பிக்சல் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த 15 இன்ச் சிலவற்றில் 1366-க்கு 768 போட்டு விற்றார்கள். அதை வாங்கினால் சுமைதான் கூடும், திரையில் தெரிகிற வரிகள் கூடிவிடாது.

கடைக்குப் போகும்போது பழைய பில் கட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். டெமோ லேப்டாப்பை மேஜையில் வைக்காமல் மடியில் வைத்து, கீழே குனியாமல் இருபது தொகை அடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. அப்புறம் தினமும் கொண்டுபோகிற பையில் அதை வைத்து ஜிப் மூடுகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.