ஜன்னலை அடைத்தும் நிற்காத தும்மல்: முதலில் ஃபர்னஸ் ஃபில்டரைப் பாருங்கள்

வணக்கம். ஜன்னல்களை அடைத்து ஏசியை ஓடவிட்டும், ஆகஸ்ட் நடுவிலிருந்து உங்கள் மகளுக்கு இரவுத் தும்மலும் கண் அரிப்பும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். டொராண்டோவில் இது ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தக் காலம். உறைபனி விழும் வரை நீடிக்கும்.

உங்கள் வீட்டில் ஏசியும் ஹீட்டரும் ஃபர்னஸ் எனப்படும், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தின் ஒரே விசிறியின் வழியாகவே காற்றை அனுப்புவதால், அங்குள்ள ஃபில்டரே முக்கியம். நீங்கள் குறிப்பிட்ட மலிவான கண்ணாடியிழை ஃபில்டர் இயந்திரத்தைக் காக்குமே தவிர, மகரந்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. மெர்வ் (ஃபில்டர் எவ்வளவு நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் என்பதற்கான அளவீடு) 11 அல்லது 13 தர மடிப்பு ஃபில்டர் நல்லது. ஆனால் அடர்த்தி கூடினால் காற்றோட்டம் குறையக்கூடும் என்பதால், 13-ஐ உங்கள் ஃபர்னஸ் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபில்டரின் ஓரச் சட்டகத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி விசிறியை நோக்கி இருக்க வேண்டும். ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண்தான். மாதந்தோறும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சாம்பல் படிந்ததுபோல் அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டில் விசிறியை 'ஆன்' நிலையில் வைத்தால், ஏசி நின்றிருக்கும் நேரத்திலும் காற்று வடிகட்டப்படும். வீட்டின் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்வதாகத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மகளுக்கு மூச்சிரைப்பும் இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.